வேலை ஒன்று, ஒப்பந்ததாரர்கள் மூவர்: பயோடேட்டாவில் எப்படி எழுதுவது?

நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். மின்னியல் டிப்ளமோ படித்தவன். 2019 ஜூன் முதல் 2025 மார்ச் வரை முப்பந்தல் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தேன். இடமும் வேலையும் மாறவில்லை. ஒப்பந்ததாரர் மட்டும் இரண்டு முறை மாறினார். அதனால் பி.எஃப். கணக்கில் மூன்று நிறுவனப் பெயர்கள்.

மூன்றையும் தனித்தனியாக எழுதி அனுப்பினேன். நேர்காணலில் முதல் கேள்வியே, "ஏன் அடிக்கடி வேலை மாறுகிறீர்கள்?" ஆடிக் காற்றில் கோபுரம் ஆட ஆட, ஏணியில் உச்சிவரை ஏறி கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியதைச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. பிறகு காற்றாலை நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டேன். சரிபார்ப்பில், அப்படி ஒரு ஊழியரே இல்லை என்று பதில் வந்துவிட்டது. பொய் சொன்னவனாக நின்றது இன்றும் வலிக்கிறது.

முதல் ஒப்பந்ததாரர் நிறுவனத்தையே மூடிவிட்டார். அவரிடம் சான்றிதழ் வாங்க வழியில்லை. மற்ற இருவரின் அனுபவச் சான்றிதழ்களும், எல்லா மாதச் சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கின்றன. அடுத்த வாரம் தூத்துக்குடியில் ஒரு நேர்காணல்.

"காற்றாலைப் பராமரிப்பு, முப்பந்தல், 2019–2025" என்று ஒரே தலைப்பிட்டு, அதனடியில் மூன்று ஒப்பந்ததாரர்களையும் தேதியோடு எழுதினால் ஆள் எடுப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்களா?