நுனாவுட் ஹெல்த் சென்டரில் ஆறு வார ஒப்பந்தம்: எதற்குத் தயாராகப் போக வேண்டும்?

இரவுப்பணி:
எமர்ஜென்சி வார்டு அனுபவம் உண்டு. ஜனவரி நடுவிலிருந்து கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டில், பாஃபின் தீவின் வடபகுதியில் ஒரு சிறிய ஊருக்கு ஒப்பந்த நர்ஸாகப் போகிறேன். டாக்டர் போனில்தான் கிடைப்பார் என்கிறார்கள். அனுப்பிய தாளில் உடை பற்றி இரண்டு வரி இருக்கிறது, வேலை பற்றி எதுவும் இல்லை. நாள் எப்படிப் போகும்? பெரிய ஆஸ்பத்திரியில் பழகியவர் எங்கே தடுமாறுவார்? வீடு, தண்ணீர் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துருவவெள்ளி:
காலையில் வாக்-இன், அதாவது முன்பதிவு இல்லாமல் வருபவர்கள். மதியத்துக்கு மேல் குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று கிளினிக். மாலை ஐந்துக்கு மேல் ஆன்-கால் போன் முறைவைத்துச் சுற்றும். பரிசோதிப்பது, மருந்தை எண்ணிக் கொடுப்பது, ரத்தம் எடுத்துப் பெட்டி கட்டுவது எல்லாமே நர்ஸ் வேலை. எக்ஸ்-ரேக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் இருப்பார். நெஞ்சு, கை, கால் வரைதான் எடுப்பார்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: "இன்னும் இரண்டு மணி நேரம் பார்ப்போம்" என்பதில். மேல்மாடியில் ஐசியு இருந்தால் அது சரி. வடபாஃபினில் உள்ள பாண்ட் இன்லெட்டிலிருந்து நுனாவுட் தலைநகர் இக்காலுயிட்டின் ஆஸ்பத்திரி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஒட்டாவா இன்னும் ஏறத்தாழ 2,100. நுனாவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் இன்னொன்றோடு சாலைத் தொடர்பு கிடையாது. மெடிவாக் (நோயாளியை ஏற்றிப்போகும் ஆம்புலன்ஸ்) விமானம் கேட்டதும், வானிலை நன்றாக இருந்தாலே, வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். காற்று எழுந்துவிட்டால் நாள்கணக்கு. அதனால் நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்பதோடு, ஓடுபாதை இன்னும் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்பதையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள். போனை எடுக்கும் முன் வானிலையைப் பாருங்கள்.

குளிர்காலத்தில் அதிகம் சோதிப்பவை பச்சிளங்குழந்தைகளின் மூச்சுக்குழல் தொற்றுகள். மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்கள், 35 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் என்றால் டாக்டரை அழைக்கத் தயங்க வேண்டாம். மூக்கில் சலைன் விட்டு உறிஞ்சி எடுத்து, பிறகு பால் கொடுக்கச் சொல்லி, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூட இறங்கவில்லை, நிமிடத்துக்கு 70-ஐத் தாண்டி மூச்சு வாங்குகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழேயே நிற்கிறது, மூச்சு இடையில் நின்று நின்று வருகிறது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே போன்.

ஆக்சிஜன் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். கேஜ் காட்டும் அழுத்தத்தில் (பிஎஸ்ஐ) 200-ஐக் கழித்து, பெரிய அளவான ஈ சிலிண்டருக்கு 0.28-ஆலும் சிறிய அளவான டி சிலிண்டருக்கு 0.16-ஆலும் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓட்டம் என்பதால் வகுத்தால் நிமிடம் வரும். 2,000 பிஎஸ்ஐ உள்ள ஈ சிலிண்டர், 10 லிட்டர் ஓட்டத்தில் 50 நிமிடம். டி என்றால் 29-க்கும் குறைவு. மாஸ்க்குக்கு 15 லிட்டர் வேண்டியவர் எட்டு மணி நேரம் காத்திருந்தால் ஈ சிலிண்டர் பதினான்கைத் தாண்டும். குறைந்த ஓட்டம் போதுமானவரைக் கான்சன்ட்ரேட்டருக்கு (காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) மாற்றி, சிலிண்டர்களை விமானநிலையப் பயணத்துக்கு மிச்சம் பிடியுங்கள். முதல் நாளே எத்தனை நிரம்பியவை, ரெகுலேட்டர் வாஷர் இருக்கிறதா, கான்சன்ட்ரேட்டர் எத்தனை லிட்டர் தரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தாங்கும் பிளக் எது என்பதையும்.

மருந்தறை:
நான் பெட்டிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தெற்கில் தடுப்பூசி சூடாகிக் கெடும். இங்கே உறைந்து கெடும். மைனஸ் 35-இல் விமானத்துக்கும் வண்டிக்கும் நடுவே பெட்டி வெளியே கிடந்தாலே போதும். அலுமினியம் சேர்ந்த ஹெப்படைட்டிஸ் பி, டிப்தீரியா–டெட்டனஸ், நிமோகாக்கல் ஊசிகள் ஒருமுறை உறைந்தால் உருகியபின் பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் வீண்தான். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் டேட்டா லாகரைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜில் அடுக்காதீர்கள். சந்தேகம் என்றால் தனியாக வைத்து, "பயன்படுத்த வேண்டாம்" என்று ஒட்டி, 2–8 டிகிரியிலேயே வைத்துக்கொண்டு கேளுங்கள், தூக்கியும் எறியாதீர்கள்.

ரத்த மாதிரி: விமான நாளைப் பார்த்து எடுங்கள். ஜெல் குழாயை நிறுத்திவைத்து 30 நிமிடம் ரத்தம் கட்டவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுழற்றுங்கள். ஜெல் குழாயை மறுபடி சுழற்றக் கூடாது. சுழற்றாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து, முடிவு பொய்யாக 6-க்கு மேல் காட்டலாம். அணுக்கள் உடைந்தால் தெரியும் சிவப்பு நிறம் கலந்திருக்காது என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. நோயாளியைத் தேவையில்லாமல் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். முழு ரத்தக் குழாய் குளிரில் உறைந்தால் அணுக்கள் உடைந்துபோகும். ஐஸ் பேக் குழாயைத் தொடாதபடி நடுவே துணி வையுங்கள்.

அங்கேயே ரத்தம் பரிசோதிக்கும் கையடக்க ஐ-ஸ்டாட் கருவி 16–30 டிகிரிக்குள்தான் ஓடும். கார்ட்ரிட்ஜை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்; முழுப் பெட்டி என்றால் ஒரு மணி நேரம். வெளியே எடுத்த தேதியை எழுதுங்கள், திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

நாய், நரி கடி: ஆர்க்டிக் நரிகளிடம் ரேபிஸ் உண்டு. காயத்தை 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை எதிர்ப்புப் பொருள்) உடல் எடை கிலோவுக்கு 20 யூனிட். முடிந்த அளவு காயத்தைச் சுற்றியே போட வேண்டும். தடுப்பூசி 0, 3, 7, 14-ஆம் நாள்கள். பொதுச் சுகாதாரத்துக்கு அன்றே தகவல்.

பனிச்சாலை:
வீட்டுத் தண்ணீர் லாரியில் வந்து தொட்டியில் நிரம்பும். கழிவுநீர்த் தொட்டியை இன்னொரு லாரி உறிஞ்சும். பனிப்புயலில் இரண்டும் ஓடாது. எச்சரிக்கை வந்ததும் குளியல், துணி துவைப்பதை நிறுத்தி, குடிக்க ஒரு வாளி பிடித்துவையுங்கள். ஜனவரிக் கடைசி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் வராது; ஹெட்லாம்ப் கட்டாயம். விரல் பிரிந்த கையுறையைவிட மிட்டன் நல்லது. உலோகத் தோடு, உலோக ஃப்ரேம் கண்ணாடி அந்தக் குளிரில் தோலைச் சுடும். உள்ளே போட வேறு செருப்பு வேண்டும். சொந்த மருந்தை இரண்டு வாரம் கூடுதலாக, கைப்பையில். பல ஊர்களில் மதுவுக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. தடை உள்ள ஊருக்கு ஒரு பாட்டில் கொண்டுபோவதும் குற்றம்தான்.

இதையெல்லாம்விட முக்கியம் மனிதர்கள். அங்குள்ள இனுயிட் மக்கள் புருவத்தை உயர்த்தினால் ஆம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. போனில் இது தெரியாது. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாலும் தெரியாது. "மாத்திரை சாப்பிடலையா?" என்று எதிர்மறையில் கேட்காதீர்கள், "ஆம்" என்றால் சாப்பிடவில்லை என்று அர்த்தமாகலாம். கேட்டபின் அமைதியாகக் காத்திருங்கள். அந்த அமைதியை நிரப்ப அவசரப்படுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மொழிபெயர்ப்பவர் ஊருக்கே உறவு. அந்தரங்கமான விஷயம் என்றால் யார் மொழிபெயர்க்கட்டும் என்று நோயாளியையே முதலில் கேளுங்கள்.

காசநோய் இன்றும் அங்கே அன்றாட வேலை. மாத்திரையை நர்ஸோ உள்ளூர்ப் பணியாளரோ கண்முன் விழுங்கவைப்பது வழக்கம். காசநோய் மருந்தான ரிஃபாம்பின் தரும்போது சிறுநீர் ஆரஞ்சாகும் என்று முன்பே சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகலாம் என்பதையும். 1950, 60-களில் சி.டி. ஹௌ என்ற அரசுக் கப்பல் ஊர் ஊராகச் சென்று எக்ஸ்-ரே எடுத்து, நோய் கண்டவர்களைத் தெற்கே காசநோய் மருத்துவமனைகளான சானடோரியங்களுக்குக் கொண்டுபோனது. பலர் திரும்பவில்லை, எங்கே புதைத்தார்கள் என்றுகூடக் குடும்பங்களுக்குச் சொல்லவில்லை. கனடாவின் அப்போதைய பிரதமர் இக்காலுயிட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டது 2019 மார்ச்சில்தான். ஒரு பாட்டி விமானம் ஏற மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று குறிப்பில் எழுதாதீர்கள். எங்கே, எத்தனை நாள், யார் கூட வருவார், எப்போது திரும்புவார் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். துணைக்கு ஆள் அனுப்ப விதியில் இடம் இருந்தால் படிவத்தை நீங்களே நிரப்பிக் கேளுங்கள்.

இரவுப்பணி:
மிக்க நன்றி. ரத்த முடிவுக்கு நாள்கணக்கு என்றால், பாராசிட்டமால் அதிகம் விழுங்கிவிட்டு வருபவருக்கு விழுங்கி நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து அளவு பார்ப்பது எப்படி?

துருவவெள்ளி:
பார்க்க முடியாது, அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. விழுங்கியதிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் முடிவு கையில் கிடைக்காது என்றால், டாக்டரையும் நுனாவுட்டுக்கும் உதவும் ஒன்டாரியோ நச்சு மையத்தையும் அழைத்து மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் தொடங்க வேண்டியதுதான். விழுங்கிய நேரத்தைச் சரியாகக் குறியுங்கள். நான்கு மணி நேர மாதிரியை எடுத்து அவரோடு அதே விமானத்தில் அனுப்புங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். இரவில் ஆள் போதாவிட்டால் பக்கத்தில் இருக்க நர்ஸ் இன்-சார்ஜ் மூலம் ஏற்பாடு செய்யலாம். வழக்கமான 21 மணி நேர முறையில் மொத்தம் கிலோவுக்கு 300 மில்லிகிராம். 70 கிலோ எடைக்கு 21 கிராம். 6 கிராம் வயல் என்றால் நான்கு. புயல் நீண்டால் நரம்பில் ஏற்றும் கடைசி மருந்துப் பையைத் தொடரச் சொல்வார்கள், அதற்கும் சேர்த்து இருப்பு உண்டா என்று போன அன்றே மருந்தறையில் எண்ணிவிடுங்கள்.