காகித வணிகத்தில் சீனாவை எட்டிப் பிடிக்கிறோமா?

தல்லாகுளம் மாணவன்:
எம்.காம். செமினாருக்காக இந்தியா, சீனா இரண்டின் காகிதம், அட்டை வணிகத்தை 2010இலிருந்து ஆண்டு வாரியாகக் கோடு போட்டுப் பார்த்தேன். எடுத்தது சுங்கப் பட்டியலின் 48ஆம் அத்தியாயம், அதாவது காகிதமும் அட்டையும் வரும் பிரிவு. 2018க்கு அப்புறம் சீனா வாங்குவது ஏறுகிறது, நாம் விற்பதும் ஏறுகிறது. அவர்கள் கை தளர்கிறது, நாம் எழுகிறோம் என்பது என் வாதம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கப்பலூர் பெட்டிக்காரர்:
தம்பி, கணக்கு சரி, முடிவு தப்பு. நான் கிராஃப்ட் என்ற பழுப்புத் தாள் ரோல் வாங்கி அட்டைப்பெட்டி அடிக்கிறவன். தரம் பிரிக்காத கழிவுக் காகிதம் வேண்டாம் என்று சீனா அறிவித்தது 2017இல். 2021 ஜனவரியிலிருந்து கழிவு எதுவுமே உள்ளே வரக்கூடாது என்றது. ஆனால் அவர்கள் மில்லுக்கு நார் வேண்டுமே. நம் மில்கள் பழைய அட்டையைக் கரைத்து ரோலாக்கி அனுப்பின. கழிவாகப் போனால் 47ஆம் அத்தியாயம், ரோலாகப் போனால் உன் 48. அந்த ரோல்களில் பலவற்றை அங்கே மறுபடி கரைத்துத்தான் அட்டை செய்தார்கள். இதில் சீனாவின் கை எங்கே தளர்ந்தது?

ரோல் அங்கே போன அந்த நாட்களில் இங்கே எங்களுக்குக் கிடைக்கவில்லை. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. ஒப்புக்கொண்ட விலைக்கு ஐந்து பிளை (ஐந்து அடுக்கு) பெட்டி கொடுக்க முடியாமல் ஓர் ஊறுகாய்க் கம்பெனி ஆர்டரை இழந்தேன்.

தெற்குமாசி ரீம் கடை:
அண்ணே, உங்கள் வலி புரிகிறது. ஆனால் மில்லுக்கு வந்த பணமும் பணம்தானே? 2010இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு ஆசியான் வணிக ஒப்பந்தம் வந்து வரி படிப்படியாகப் போனதும் இந்தோனேசியத் தாள் எங்கள் கடைகளில் வந்து நிறைந்தது. அப்போது நம் மில்களுக்காக யார் பேசினார்கள்? விற்க வழி கிடைத்தால் விற்கட்டும். 2016இல் மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் தமிழக அரசின் காகித நிறுவனமான டி.என்.பி.எல். இரட்டைப் பூச்சு அட்டை (அச்சடிக்க ஏற்ற வழவழப்பான அட்டை) ஆலை தொடங்கியது. அந்த மாதிரிச் சரக்கு வெளிநாடு போனால் அதுவும் கழிவா?

கப்பலூர் பெட்டிக்காரர்:
அதைச் சொல்லவில்லை. பூச்சு அட்டையையும் கிராஃப்டையும் ஒரே கோட்டில் போட்டதுதான் தவறு. பழைய பேப்பர் கடையிலிருந்து வந்த அட்டையையும், அமெரிக்கப் பெட்டியையும் கிழித்துப் பாருங்கள். அமெரிக்கப் பெட்டியின் ஓரத்தில் முடி மாதிரி நீள நார் நிற்கும். நம்முடையது மாவாக உதிரும், மடித்த இடத்தில் வெடிக்கும். கரைக்கக் கரைக்க நார் குட்டையாகிறது. அதனால்தான் வெளிநாட்டுக் கழிவை நாமே கண்டெய்னர் கண்டெய்னராக இறக்குகிறோம். 47இல் வாங்கி 48இல் விற்றதை மொத்த லாபமாகக் காட்டக் கூடாது.

தூத்துக்குடி மருமகள்:
கஸ்டம்ஸ் பேப்பர் பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டிவி வரும் அட்டைப்பெட்டி டிவியோடு சேர்த்துத்தான் வகைப்படும். சுங்க வகைப்பாட்டின் 5ஆம் பொதுவிதி அப்படி. உலகம் முழுக்கச் சீனா பொருள் அனுப்புகிற அவ்வளவு பெட்டியும் 48இல் தெரியாது தம்பி. உன் கோடு சீனாவைக் குறைத்தே காட்டும்.

தல்லாகுளம் மாணவன்:
இது எனக்குத் தெரியாதுக்கா. 47ஐயும் சேர்க்கிறேன், டாலரோடு டன்னையும் போடுகிறேன். ஆனாலும் நாம் எழவே இல்லை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ரீம் கடை அண்ணன் சொன்ன பூச்சு அட்டையைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

கப்பலூர் பெட்டிக்காரர்:
பிரி. கிராஃப்டை மட்டும் 2020-21க்கு மாத வாரியாகப் போடு. நான் ரோல் வாங்கிய பில்களைத் தருகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்.