வெள்ளை வரி, வுடி பிரெஸ்ட்: லைனில் கேமரா வைத்துப் பிடிக்க முடியுமா?

பிறைக்காரன்
வணக்கம். மலேசியாவின் பினாங்கில், செபராங் பிறையில் கோழி எலும்பு நீக்கும் லைன். தோல் உரித்த நெஞ்சுத்துண்டு 30 செ.மீ. அகல நீல பெல்ட்டில், வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டு பேர் விரலால் அமுக்கித் தரம் பிரிக்கிறார்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் குளிரில் விரல் மரத்துவிடுகிறது, கட்டையான துண்டும் நல்ல தட்டுக்குப் போய்விடுகிறது. மேலே ஒரே ஒரு கேமரா போதும், வெள்ளை வரி (கறியில் தெரியும் வெள்ளைக் கோடு), வுடி பிரெஸ்ட் (கட்டையாக இறுகிய நெஞ்சுக்கறி) இரண்டையும் ஏஐ பிடித்துவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். நம்பலாமா?

லென்ஸ்_பாயான்லெப்பாஸ்
வெள்ளை வரிக்கு நம்பலாம். வுடி பிரெஸ்டுக்கு அது போதாது.

வரி என்பது தசைநாரை ஒட்டி ஓடும் கொழுப்பு. 1 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் கடுமை என்று பிரிப்பது வழக்கம். அதைச் சரியாக அளக்க ஒரு பிக்சல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் பெல்ட் அகலத்துக்கு 1500 பிக்சல் வருகிறது, ஆகவே விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. குளோபல் ஷட்டர், அதாவது படம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கும் வகை, மட்டும் கட்டாயம். எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்) 200 மைக்ரோ வினாடி வைத்தால் அதற்குள் துண்டு நகர்வது 0.1 மி.மீ.தான், படம் கலங்காது.

பணத்தை வெளிச்சத்தில் போடுங்கள். ஈரக்கறியின் பளபளப்பும் கேமராவுக்கு வெள்ளை வரியாகத்தான் தெரியும். விளக்கின் முன் ஒரு போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி), லென்ஸின் முன் இன்னொன்று, ஒன்றுக்கொன்று 90 டிகிரி திருப்பி வைத்தால் பளபளப்பு அடங்கிவிடும். ஆனால் வெளிச்சம் கால்வாசிக்கும் கீழே போய்விடும். அதை ஈடுகட்ட விளக்கைக் கூட்டுங்கள், கெயினை (கேமராவுக்குள் சிக்னலைப் பெருக்குவதை) கூட்டாதீர்கள், புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். பச்சை சேனலை மட்டும் எடுத்துப் பாருங்கள். 540 முதல் 580 நானோமீட்டர் ஒளியைத் தசையின் சிவப்புப் புரதமான மயோகுளோபின் உறிஞ்சுவதால் தசை இருண்டு கொழுப்பு பளிச்சென்று நிற்கும்.

தரக்கட்டுப்பாடு_மாலா
தம்பி, வுடி பிரெஸ்ட் என்பது நிறமல்ல, விறைப்பு. தசைநார் சிதைந்த இடத்தில் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் ஏறி இறுகிப்போவது. அதனால் அந்தத் துண்டு வளைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெல்ட் முடியும் உருளையில், பக்கவாட்டில் ஒரு கேமரா வையுங்கள், எதிரே சமமாக ஒளிரும் வெள்ளைப் பலகை. நல்ல துண்டு உருளையைத் தாண்டியதும் தொங்கும். கட்டைத் துண்டு அடிமட்டம் போல நீட்டிக்கொண்டு நிற்கும். தொங்கும் கோணத்தை அளந்தாலே பாதி வேலை முடிந்தது. எல்லாத் துண்டும் தடித்த முனை முன்னால் வரும்படி அடுக்க வேண்டும், இல்லையென்றால் கோணங்களை ஒப்பிட முடியாது. எடையும் தடிப்பும் வளைவை மாற்றும், அதனால் அவற்றையும் சேர்த்து மாடலுக்குக் கொடுங்கள்.

பெரும்பாலான பொய் எச்சரிக்கை இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, அறுத்து நான்கு மணி நேரத்துக்குள் எலும்பு நீக்கினால் இறந்தபின் வரும் விறைப்பு நிலையிலேயே தசை சுருங்கி, நல்ல கறியும் கட்டையாகிவிடும். இன்னொன்று, குளிரூட்டியில் மேற்பரப்பு லேசாக உறைந்த துண்டு. அளக்கும் இடத்தில் துண்டின் வெப்பநிலை 0 முதல் 4 டிகிரிக்குள் நிலையாக இருக்கட்டும், ஒவ்வொரு படத்தோடும் அதைப் பதிவு செய்யுங்கள்.

கற்பிக்கும் படங்களுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக, படத்தைப் பார்க்காமல், கையால் தொட்டுப் போட வேண்டும். ஒத்துப்போகாததை மூன்றாமவர் தீர்க்கட்டும். 1க்கும் 2க்கும் இடையில்தான் சண்டை வரும். மாடலைச் சோதிக்கும் துண்டுகள் வேறு பண்ணை, வேறு நாள் கோழியாக இருக்க வேண்டும். ஒரே மந்தையைக் கலைத்துப் பாதிப் பாதியாகப் பிரித்தால் காகிதத்தில் நல்ல எண் வரும், லைனில் விழுந்துவிடும்.

பிறைக்காரன்
நன்றி அக்கா. எக்ஸ்ரேயும் அகச்சிவப்பும் சேர்த்து விற்கப் பார்க்கிறார்களே?

லென்ஸ்_பாயான்லெப்பாஸ்
எக்ஸ்ரே எலும்புத் துணுக்குக்கு. இதற்காக வாங்காதீர்கள். அண்மை அகச்சிவப்பு பயன்படும். கட்டைக் கறியில் புரதம் குறைந்து நீர் கூடியிருக்கும், நீரின் உறிஞ்சல் 970 நானோமீட்டரில் தெரியும். ஆனால் விலையும் அளவீட்டுச் சரிபார்ப்பும் அதிகம். வளைவுக் கேமரா போதாமல் போனால் மட்டும் யோசியுங்கள்.

இங்கே கேமரா அமைப்பவர்கள் பலர் சில்லுத் தொழிற்சாலைகளுக்கு வேலை செய்து பழகியவர்கள், ஈரம் அவர்களுக்குப் புதிது. ஐபி69கே உறை (அழுத்தமான சுடுநீர்க் கழுவலைத் தாங்கும் தரம்) கேளுங்கள், உள்ளே உலர்ந்த காற்று செலுத்தச் சொல்லுங்கள். 12 டிகிரி அறையில் சுடுநீர் கழுவல் முடிந்ததும் கண்ணாடியில் ஆவி படியும். ஷிப்ட் தொடக்கத்தில் வெள்ளை ஓடு ஒன்றைக் காட்டி வெளிச்சத்தைச் சரிபாருங்கள்.

தரக்கட்டுப்பாடு_மாலா
ஒன்று விட்டுப்போனது. பிரித்த துண்டுகள் எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெள்ளை வரி பெரும்பாலும் தோற்றக் குறைதான், வெட்டிப் பொரிக்கும் வகைக்குப் போகலாம். கட்டைத் துண்டை மசாலா ஊறவைக்கும் டிரம்மில் போடாதீர்கள், ஊறல் சரியாக ஏறாது. அரைக்கும் இயந்திரத்துக்கு அனுப்பி, நகெட்டுக்கு நல்ல கறியோடு கலந்து எடுங்கள். அதனால் கேமராவுக்குப் பின்னால் இரண்டு தள்ளிகள் வேண்டும், பெல்ட் நகர்ந்த தூரத்தை எண்ணும் என்கோடரின் எண்ணிக்கையை வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். நேரத்தை வைத்துத் தள்ளினால் பெல்ட் ஒருமுறை நின்று கிளம்பியதும் பக்கத்துத் துண்டுதான் தள்ளப்படும்.