புதுப்பிப்பு: ஊட்டி ஜீப்பில் ஹீட்டர் சூடாகாத விவகாரம்

முன்பு கேட்டிருந்தது இதுதான்: பழைய டீசல் ஜீப், ஊட்டிக் குளிர், ஹீட்டரை முழுக்கத் திருகினாலும் வெதுவெதுப்பான காற்றுதான். தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் சாமான்) என்று சிலரும், ஹீட்டர் கோர் (இஞ்சினின் சூடான தண்ணீர் ஓடி காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) அடைப்பு என்று சிலரும் சொன்னீர்கள். இரண்டுமேதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தால், ஆறிய நிலையிலேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. 82 டிகிரியில் திறக்க வேண்டிய சாமான். குன்னூர் இறக்கத்தில் டெம்பரேச்சர் முள் கீழே விழுந்தது இதனால்தான். புதிது மாட்டியதும் முள் நடுவில் நின்றது. காற்றின் சூடு மட்டும் அரைகுறை.

இஞ்சின் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் கை வைக்க முடியவில்லை, மற்றது லேசான சூடு. ஹீட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு முழுதாகத் திறந்துதான் இருந்தது. சரி, அடைப்புதான். நன்றாக ஆறவிட்டு இரண்டையும் கழற்றி, தண்ணீர் திரும்பி வரும் பக்கத்திலிருந்து தோட்டக் குழாயை மெதுவாக விட்டோம். டிகாஷன் மாதிரி துருத் தண்ணீர், கூடவே லீக் அடைக்கும் பவுடரின் கசடு (முந்தைய ஓனரின் கைங்கர்யம்). தெளிந்து வரும்வரை விட்டு, கூலண்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்றினோம்.

இப்போது கண்ணாடியில் படியும் பனி சட்டென்று விலகுகிறது. கால் பக்கம் மட்டும் காற்று இன்னும் குறைவு. ஃபிளாப் கேபிள் (காற்றைத் திருப்பிவிடும் தடுப்பை இழுக்கும் கம்பி) தொய்ந்திருக்கும் என்று சந்தேகம், அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.