ராசாத்தி தீன் எடுக்கிறா இல்ல

இரவு 9.50

மாமி: பிள்ளையள் ஆரும் முழிப்பா இருக்கிறீங்களா, எங்கட கோழி ராசாத்தி மத்தியானத்தில இருந்து செட்டையத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கித் தூங்கி நிக்கிறா, குறுணல் போட்டும் திரும்பிப் பாக்கேல்ல, உடம்பும் கொதிக்குது

ரூபன் கனடா: கழியுதா மாமி? மூச்சு இழுக்குதா?

மாமி: இல்ல தம்பி. கழுத்துக்குக் கீழ இரைப்பை கல்லு மாதிரி கிடக்கு

ரூபன் கனடா: நிவேதா, நீ பேராதனையில மிருக வைத்தியந்தானே படிக்கிறாய், நிக்கிறியா

நிவேதா: நிக்கிறன். மாமி, கோழின்ட உடம்பு எப்பவும் 41 பாகை அளவில சூடுதான், அதுக்குப் பயப்பிடாதீங்கோ. நீளப் புல்லு ஏதும் திண்டவவா?

மாமி: மாரி மழைக்கு வேலியோரம் முழங்காலுக்கு வளந்து கிடக்கு, அதத்தான் இழுத்து இழுத்துத் திண்டவ

நிவேதா: அப்ப அதுதான் அடைச்சிருக்கும். இப்ப தீன் வேண்டாம். தண்ணிய சொண்டு ஓரத்தில சொட்டுச் சொட்டா விடுங்கோ, அவவா முழுங்கட்டும், வாய்க்குள்ள ஊத்தினா நாக்குக்குப் பின்னால இருக்கிற மூச்சுக்குழாயால நுரையீரலுக்குப் போயிடும். தலைகீழாப் பிடிக்கச் சொல்லுவினம், கூடவே கூடாது. இரைப்பைய மெல்லமாத் தடவி விடுங்கோ. விடிய தொட்டுப் பாருங்கோ, நல்ல கோழிக்கு அப்ப வெறுமையா இருக்கணும்

நசீரா: கூட்டுக்க விடாதீங்க மாமி, மத்ததுகள் கொத்திப்போடும்

மாமி: குசினிக்குள்ள கூடைக்க வச்சிருக்கிறன்

நிவேதா: நல்லம். ஆனா ஆக்கள் தெரியிற இடமா வையுங்கோ, கோழி கூட்டமா வாழுற சாதி, தனிச்சா இன்னும் சோர்ந்திடும்

மாமி: நான் பக்கத்திலதான் பாய் போட்டிருக்கிறன். ஒரு கோழிக்கு இப்பிடியோ எண்டு கேப்பினம், கேக்கட்டும், மாமா போன பிறகு விடிய கதவு திறந்தா என்னட்ட ஓடி வாற சீவன் இவதான், நான் தேங்காய் துருவேக்க காலடியில குந்தியிருந்து என்னவோ கதைச்சுக்கொண்டே இருப்பா, நானும் மறுமொழி சொல்லுவன், அந்தச் சத்தம் இல்லாம இண்டைக்கு வீடு வீடாவே இல்ல

ரூபன் கனடா: மாமி, இங்க பகல்தான், வீடியோ கோல் எடுக்கிறன். நித்திரை வரும்வரைக்கும் கதைப்பம்

காலை 5.40

மாமி: கொஞ்சம் இளகியிருக்கு, கண்ணைத் திறந்து பாக்கிறா. ஆனா உள்ளுக்க இன்னும் உருண்டையாத் தட்டுப்படுது

நிவேதா: அப்ப மிருக வைத்தியரிட்ட காட்டத்தான் வேணும், இண்டைக்கே

நசீரா: இவர்ட்ட சொல்லிட்டன், எட்டு மணிக்கு ஓட்டோ வாசலுக்கு வரும். நானும் வாறன் மாமி, தூறுது, கூடைக்கு மேல போட பழைய சீலை ஒண்டு எடுத்து வைங்க