வீட்டில் தாத்தா, ஸ்கூலில் வாத்தியார்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லைப் பேத்தி

எங்கள் தாத்தா தமிழய்யா. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இருந்து ரிட்டையர் ஆனவர். போன மாதம் 88 வயதில் காலமானார். கல்யாணப் பத்திரிகையில் சிவப்பு மையால் ஒற்றுப்பிழை திருத்துவது, பால் கணக்கு நோட்டில் சந்தி போடுவது, இதெல்லாம் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது வேறு.

பதினாறாம் நாள், பந்தி நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒருத்தர் தாத்தா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரமாக நின்றார். சாப்பிடக் கூப்பிடப் போனேன்.

"நீங்க பேத்தியா?"

ஆமாம் என்றேன்.

"ஒங்கள எப்பமாவது அடிச்சிருக்காரா?"

ஒரு தடவைகூட இல்லை என்றேன். சத்தம் போட்டுப் பேசியதுகூடக் கிடையாது என்று வேறு சேர்த்துச் சொல்லி வைத்தேன். அவர் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். "வீட்ல அடிக்க மாட்டாங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாப்பிடவில்லை, காப்பிகூடக் குடிக்கவில்லை. துக்கம் கேட்க வந்தாரா, கணக்குக் கேட்க வந்தாரா?

கடைசி பெஞ்ச் 79

அந்தக் காலத்தில் அடிக்காத வாத்தியார் யாரம்மா? பெரிதுபடுத்தாதீர்கள். எங்கள் தமிழய்யா கையில் பூவரசங்கம்பு இல்லாமல் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. தேமா, புளிமா தப்பினால் விழும். ஆனால் எனக்கு அவரை நினைத்தால் கம்பு ஞாபகத்துக்கு வருவதில்லை, 'லை'தான் வருகிறது. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 13 எழுத்து மாறியது. ணை, லை, ளை, னை நாலுக்கும் இருந்த துதிக்கை, அதாவது யானைத் துதிக்கை மாதிரி இருந்த பழைய ஐகார வளைவு, போனது. அய்யாவுக்குக் கை பழைய பழக்கத்திலேயே போகும். போர்டில் 'மலை' என்று துதிக்கை வைத்து எழுதுவார். முன் பெஞ்சுப் பையன் ஒருத்தன், "அய்யா, பழசு" என்பான். அய்யா திரும்பிப் பார்ப்பார், தோள் துண்டால் அந்த ஒரு எழுத்தை மட்டும் துடைப்பார், புதுசாக எழுதுவார். மறுநாள் திரும்பவும் துதிக்கை, திரும்பவும் "அய்யா, பழசு". அந்த வருஷம் முழுக்க இதே கதைதான். அந்தப் பையனை மட்டும் அவர் ஒரு நாளும் அடிக்கவில்லை. என் பெயரிலும் ஒரு 'லை' உண்டு. பேங்க்கில் இன்றைக்கும் துதிக்கையோடுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

கணக்கு வாத்தியார் பேரன்

மேலே உள்ளவருக்கு: "அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்தார்கள்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. என் தாத்தாவும் அதே காலம்தான். எஸ்.எஸ்.எல்.சி. பதினொன்றாம் வகுப்பாக இருந்ததில் இருந்து, ப்ளஸ் டூ வந்த பிறகும் கணக்கு எடுத்தவர். அவர் கம்பு வைத்திருந்ததே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு போட்டுத் தடுத்த பிறகுதான் அடிப்பது தப்பென்று தெரியவந்ததா என்ன? அடி வாங்கின கைக்கு எல்லாக் காலமும் ஒன்றுதான். உங்கள் அய்யா அந்தப் பையனை அடிக்கவில்லை, சரி. மற்ற பையன்கள் கதை?

என் கதை சின்னது. வருஷா வருஷம் பென்ஷன் நேர்காணலுக்குத் தாத்தாவைக் கருவூலத்துக்குக் கூட்டிப் போவேன். ஒரு வருஷம் கவுன்ட்டரில் இருந்த கிளார்க் எழுந்து நின்று, "சார், என்னை ஞாபகம் இருக்கா? உங்ககிட்டதான் அல்ஜீப்ரா படிச்சேன்" என்றார். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நன்றாக உற்றுப் பார்த்தார். "இல்லப்பா" என்றார். அந்த மனுஷன் முகம் போன போக்கு! வெளியே வந்ததும், சும்மா ஆமாம் என்று சொல்லியிருக்கலாமே தாத்தா என்று சத்தம் போட்டேன். "விடை தெரியாம ஆன்சர் ஷீட்டப் பாத்து எழுதச் சொல்றியா?" என்றார். இன்னும் எனக்கு அவர் மேல் கோபம்தான்.

மன்னார்குடிக்காரன்

அம்மா, முதலில் ஆச்சியின் குடும்ப ஓய்வூதியத்தைப் பாருங்கள். துக்கத்தில் இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். இறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே நாலைந்து காப்பி வாங்கி வையுங்கள். கருவூலத்துக்கு எழுத்தில் தெரிவித்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழி எதுவும் செல்லாது. பி.பி.ஓ. புத்தகத்தில் (ஓய்வூதிய ஆணைப் புத்தகம்) ஆச்சி பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், இனிஷியல்தான் எப்போதும் காலை வாரும். இறந்த தேதிக்குப் பிறகு பென்ஷன் கணக்கில் ஏறியிருந்தால் தொடாதீர்கள், திரும்பப் பிடிப்பார்கள். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது பொதுக் கணக்கு, அதற்கு மேல் அகவிலைப்படி. ஆச்சிக்கு 80 தாண்டியிருந்தால் கூடுதலாக 20 சதவீதம் உண்டு, 85 என்றால் 30. வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு மாதாமாதம் பிடித்தம் போயிருந்தால் அதற்கும் தனி மனு போட வேண்டும்.

என் அப்பாவும் வாத்தியார்தான். அவரும் அம்மாவும் சேர்ந்து எடுத்த ஒரே போட்டோ பென்ஷன் பேப்பருக்காக ஸ்டூடியோவில் எடுத்தது. அம்மா முறைத்துக்கொண்டு இருப்பார். அதைத்தான் பெரிசு பண்ணி மாட்டியிருக்கிறோம்.

ரிட்டையர்ட் டீச்சர்

நான் தாத்தா இல்லை, பாட்டி. அடித்த கட்சியும்கூட. பேரன் சொன்னதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஒரு தடவை சங்கரன்கோவில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். ஒரு பையன், பையன் என்ன, தலை நரைத்தவன், எழுந்து, "உக்காருங்க டீச்சர்" என்றான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், எனக்கு ஞாபகம் இருந்தது. எதற்கு அடித்தேன் என்பதும் சேர்ந்தே ஞாபகம் வந்தது. அவன் ஒன்றும் பேசாமல் பின் படிக்கட்டில் போய் நின்றுகொண்டான். அங்கே உட்கார இடம் காலியான பிறகும் உட்காரவில்லை. மரியாதையா, என் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லையா, தெரியவில்லை. பேத்தி, அந்த ஆள் பதினாறுக்கு வந்தாரே, அதுவே பெரிசு.

கடைசி பெஞ்ச் 79

பேரன் தம்பி, நான் அடியை நியாயப்படுத்தவில்லை. மற்ற பையன்கள் கதை என்னவென்று கேட்டீர்கள். நானும் அந்த மற்ற பையன்களில் ஒருத்தன்தான்.

நெல்லைப் பேத்தி

மன்னார்குடி அண்ணா, பென்ஷன் வேலையெல்லாம் சித்தப்பா முடித்துவிட்டார். நான் கேட்டது அதை இல்லை. ஆனாலும் ஆச்சிக்கு 83, அந்த 20 சதவீதம் எங்களுக்குத் தெரியாது, நன்றி.

பதினாறுக்கு வந்த அந்த ஆளைப் பற்றிப் பந்தல்காரரிடம் அடையாளம் சொல்லி விசாரித்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. முக்கூடலில் ஒரு பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாராம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவர், ஆனால் அவர் எழுதும் சீட்டு ஒரு பிழையில்லாமல் அச்சு மாதிரி இருக்கும் என்றார். தாத்தா அடித்ததால்தான் அந்தக் கையெழுத்து என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். அடித்ததால்தான் எட்டாம் வகுப்போடு நின்றாரோ என்றும் எனக்குத் தோன்றுகிறது.

நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். சித்தப்பா, செத்தவரைப் பற்றி எதற்குக் கிளறுகிறாய் என்கிறார். ஆச்சி, "சாப்பிடாமப் போனவர எப்படி விட, கூப்பிடு" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவாம்.