15% மலிவு வீடு விதி இருந்தும் வீடு வரவில்லை, எங்கே ஓட்டை?

கேள்வி:
உள்ளாட்சி விதி வரைவு ஒன்றுக்காகக் கேட்கிறேன். 20 வீடும் அதற்கு மேலும் கட்டினால் 15 சதவீதத்தைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். குறைந்த வாடகைக் கட்டுப்பாடு 15 வருடம். வருகிற மனுக்களில் பாதி 19 வீடு. மீதிப் பேர் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். எதை முதலில் மாற்றுவது?

பதில் 1:
20 என்று கோடு போட்டால் 19-ல்தான் நிற்பார்கள். 5 வீட்டிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். 12 வீட்டுக்கு 15% என்றால் 1.8 வரும், ஒரு வீடு கொடுக்கட்டும், மீதி 0.8-க்குப் பணம் கட்டட்டும். பக்கத்துப் பக்கத்து மனைகளில் ஐந்து வருடத்துக்குள் வரும் மனுக்களை ஒரே திட்டமாக எண்ண வேண்டும். 'ஒரே உரிமையாளர்' என்று மட்டும் எழுதினால் வேறு வேறு கம்பெனிப் பெயரில் வருவார்கள். அந்தக் கம்பெனிகளுக்கு ஒரே இயக்குநர் இருந்தாலே ஒரே திட்டம் என்று எழுதுங்கள்.

ஈட்டுப் பணம் நிலையான தொகையாக இருக்கக் கூடாது. மனை உட்பட ஒரு வீட்டின் முழுச் செலவிலிருந்து, அந்தக் குறைந்த வாடகையைக் கொண்டு அடைக்க முடிகிற கடனைக் கழித்தால் வருவதே சரியான தொகை. கட்டுமானச் செலவோடு ஆண்டுதோறும் அது ஏற வேண்டும்.

15 வருடமும் போதாது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து மான்ட்கோமரி கவுண்டி 1974-லேயே இந்த ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. ஆனால் விற்பனை வீடுகளுக்குத் தொடக்கத்தில் 5 வருடக் கட்டுப்பாடுதான். கெடு முடிந்தவை சந்தை விலைக்குப் போயின. 2005-ல்தான் விற்பனை வீட்டுக்கு 30 வருடம், வாடகை வீட்டுக்கு 99 வருடம் என்று நீட்டினார்கள்.

பதில் 2:
'மலிவு' யாருக்கு என்று விதியில் இருக்கிறதா? ஊரின் இடைநிலை வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) 100 என்று வையுங்கள். 60 சம்பாதிக்கும் குடும்பம் 30 சதவீதத்தை வீட்டுக்குத் தந்தால் 18. மின்சாரம், தண்ணீர் 2 போக வாடகை 16. பராமரிப்பு, காப்பீடு, காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் சேர்த்து 7 என்று கொள்வோம். மிச்சம் 9. வங்கி கடன் தவணையைப் போல் 1.2 மடங்கு வரவு கேட்டால் தவணைக்கு 7.5தான். இப்போது வருமானம் 30 உள்ள குடும்பத்துக்குப் போடுங்கள்: 9, அதில் 2 போக 7. பராமரிப்போடு தீர்ந்தது, கடனுக்கு ஒன்றுமில்லை. மனையை இலவசமாகக் கொடுத்தாலும் இந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் மானியம் வேண்டும். எல்லா அடுக்குக்கும் ஒரே 15% என்று எழுதினால் பில்டர் 60-ஐ மட்டும்தான் தொடுவார்.

பதில் 3:
சதவீதத்தை மட்டும் ஏற்றினால் மனுவே வராமல் போகும், அதையும் பாருங்கள். பில்டருக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி கொடுங்கள். கட்டாய வாகன நிறுத்தத்தைக் குறையுங்கள்; ஒரு காருக்கு, வந்துபோகும் வழியோடு, சுமார் 30 சதுர மீட்டர் போகிறது, நிலத்தடி என்றால் செலவு இன்னும் எகிறும். நியூயார்க் மாநிலத்து பஃபலோ 2017-ல் குறைந்தபட்ச நிறுத்த விதியையே எடுத்தது. ஹூஸ்டன் 1998-ல் நகர் நடுப்பகுதியில் மனையின் குறைந்தபட்ச அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்கியதும், ஒரு வீடு நின்ற இடத்தில் மூன்று வீடு வந்தது.

கேட்டவர்:
நன்றி. பழைய, குறைந்த வாடகைக் கட்டடங்கள் கைமாறும்போது அந்த வாடகையைக் காப்பாற்ற என்ன வழி? விற்கும்போது உள்ளாட்சி முதலில் வாங்கலாம் என்கிற முன்வாங்கும் உரிமை போதுமா?

பதில் 4:
பணம் கையில் இல்லாத முன்வாங்கும் உரிமை வெறும் காகிதம். விற்பவர் 60 நாள் கெடு கொடுப்பார். மன்றத் தீர்மானத்துக்கே 60 நாள் ஆகும். ஆகவே சுழல் நிதியும் (கொடுத்த கடன் திரும்பி வந்ததும் அடுத்ததற்குக் கொடுக்கும் நிதி), முன்கூட்டியே தகுதி பார்த்து வைத்த வாங்குவோர் பட்டியலும் முதலில். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980 முதல், பல வாடகைக் கட்டடங்களில் குடியிருப்போருக்கே முதலில் வாங்கும் வாய்ப்பு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ 2014 முதல் சிறிய வாடகைக் கட்டடங்களை, குடியிருப்போரைக் கிளப்பாமல், லாப நோக்கற்ற அமைப்புகள் வாங்க நிதி தருகிறது.

வாங்கும் முன் கூரை, கழிவுநீர்க் குழாய், மின்கம்பி மூன்றையும் பொறியாளரை வைத்துப் பாருங்கள். பழுது நிதி ஒதுக்காமல் வாங்கினால் பத்து வருடத்தில் அதை நீங்களே விற்பீர்கள்.

பத்திரத்தில் ஒரு பொறி இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு முன்பே வங்கி அடமானம் பதிவானால், கடன் தவறி ஏலம் போகும்போது கட்டுப்பாடு அழிந்துவிடும். கட்டுப்பாட்டை முதலில் பதிவு செய்யுங்கள். வங்கி மறுத்தால், ஏலத்துக்கு முன் உள்ளாட்சிக்கு அறிவிப்பும் தவணையை அடைத்துக் காப்பாற்றும் உரிமையும் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நகராட்சி மனை இருந்தால் விற்காதீர்கள், 99 வருடக் குத்தகைக்கு விடுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில் 1984 முதல் நிலத்தை அறக்கட்டளை வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் விற்கிறது. வாங்கியவர் பிறகு அந்த வீட்டை விற்றால் அவருக்குப் போட்ட பணமும் மதிப்பு உயர்வில் 25 சதவீதமும்தான். 100 மதிப்புள்ள வீடு 140 ஆனால் அவருக்குக் கூடுதலாக 10. மீதி 30 அடுத்து வருபவரின் விலைக் குறைப்பு.

கட்டுப்பாடு முடியும் தேதிகளை ஒரே பட்டியலில் போட்டு, முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே உரிமையாளர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று இப்போதே வரைவில் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே 15 வருடத்துக்குக் கையெழுத்தானவற்றைப் பின்தேதியிட்டு நீட்ட முடியாது, விலை பேசித்தான் நீட்ட வேண்டும்.